பின்னால சிவப்பா எரியுதா?

ஒரு பழைய டிராக்டர் டிரெய்லர், ஒரு மூணாவது வருஷ ட்ரிபிள் ஈ மாணவி, நாலு நாள் பொங்கல் லீவு... நடுவுல ஒரே ஒரு வயர்!

‘‘பாப்பா, நான் ஸ்விட்ச் போட்டிருந்தேன். சாமி சத்தியமாப் போட்டிருந்தேன்!’’

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போய் இறங்கின அரை மணி நேரத்துல பெரியப்பா இதை அஞ்சாவது தடவையாச் சொன்னார். விழுப்புரம் பக்கம் எங்க ஊர். கரும்பு ஊர். மார்கழி பிறந்தா போதும்... ராத்திரி பூரா ரோட்டுல டிராக்டர் சத்தம்தான். ‘கட்டிங் ஆர்டர்’ வந்த வயல்ல கரும்பை வெட்டி, டிரெய்லர்ல வானத்தைத் தொடற மாதிரி அடுக்கி, மில்லுக்குக் கொண்டு போவாங்க. பெரியப்பாவும் அப்படித்தான் போயிருக்கார். ராத்திரி ஏழரை மணி. ஏரிக்கரை வளைவு. பின்னால பைக்ல வந்த ஒரு டிப்ளமோ ஸ்டூடன்ட், டிரெய்லர் இருக்கறதே தெரியாம நேரா வந்து மோதிட்டான்.

ஹெல்மெட் போட்டிருந்ததால தலை தப்பிச்சது. வலது காலுக்குள்ள இப்ப ஒரு ஸ்டீல் ராடு இருக்கு. செமஸ்டர் போச்சு. பெரியப்பா நாலு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துட்டார். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் ரெண்டு நாள் சரியா சாப்பிடறது இல்லையாம்.

‘‘முன்னாடி லைட்டெல்லாம் எரிஞ்சுது பாப்பா. பின்னாடியும் எரியுதுன்னுதானே நெனைச்சேன்?’’

இதுதான் மேட்டர். டிராக்டர் சீட்டுல உட்கார்ந்திருக்கறவருக்குத் தன்னோட டெயில் லைட் தெரியாது. நடுவுல ஒரு கரும்பு மலை இருக்கு. ஸ்விட்சைப் போடுவார். ஹெட்லைட் எரியும். பின்னாடியும் எரியுதுன்னு நம்புவார். அவ்வளவுதான் அவரால முடியும்.

‘‘விடுங்க பெரியப்பா... நான் மாட்டித் தர்றேன். படிக்கறதே எலெக்ட்ரிகல்தானே?’’ன்னு வாயை விட்டேன். ஆறாவது செமஸ்டருக்கு வந்தாச்சு. டிரான்ஸ்ஃபார்மருக்கு ஈக்விவலென்ட் சர்க்யூட் போடறேன். ஆஃப்டர் ஆல் நாலு பல்பு!

அந்த ‘ஆஃப்டர் ஆல்’ என்னை எப்படிப் போட்டுத் தாக்குச்சுங்கறதுதான் இந்தக் கட்டுரை.

முதல் நாள்: சூப்பரு!

டிரெய்லருக்கு என்னைவிட வயசு அதிகம். பக்கத்து டவுன் வெல்டிங் பட்டறையில செஞ்சது. பின்னால ரெண்டு டெயில் லைட். இடது பக்கம் கண்ணாடியே இல்லை. வலது பக்கம் பல்பு இருக்கு, வயர் இல்லை. அதுக்குப் பதிலா நம்ம ஊர் டெக்னாலஜி... ஒரு பழைய சி.டி. கயிறு கட்டித் தொங்கிச்சு!

டவுனுக்குப் போய் ஆட்டோ எலெக்ட்ரிகல் கடையில சாமான் வாங்கினேன். ரெண்டு புது டெயில் லைட், உள்ளே டபுள் ஃபிலமென்ட் பல்பு. அதுல 5 வாட் இழை டெயிலுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. இண்டிகேட்டருக்கு ரெண்டு 21 வாட் பல்பு. அப்புறம் பக்கவாட்டுல மாட்ட ஆறு மார்க்கர் லைட். லாரி ஓரத்துல மஞ்சளா வரிசையா எரியுமே, அதே ஐட்டம், எல்.இ.டி. டெயில் லைட் ‘நான் இங்க இருக்கேன்’னு சொல்லும். மார்க்கர் லைட் ‘நான் இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம்’னு சொல்லும். வயல் வரப்புலேர்ந்து ரோட்டுக்குக் குறுக்கே டிரெய்லர் திரும்பும்போது, பின்னால இருக்கற டெயில் லைட் யாருக்குத் தெரியும்? பக்கவாட்டு லைட்தான் அப்ப காப்பாத்தணும்.

வயரும் வாங்கி, மொத்தமா ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. பழைய வயர் போன தடத்துலயே புது வயரை இழுத்தேன். டெயிலுக்கு ஒண்ணு, பிரேக்குக்கு ஒண்ணு, இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர். மொத்தம் நாலு. லைட்டோட இன்னொரு முனையை, ஏற்கெனவே இருந்த மாதிரியே, டிரெய்லர் இரும்புல ஒரு ஸ்க்ரூ போட்டு முறுக்கிட்டேன். வண்டிகள்ல அதானே வழக்கம்? பேட்டரியோட நெகட்டிவ் பாடியில இருக்கும். லைட்டும் பாடியில இருக்கும். இரும்பு வழியா கரன்ட் திரும்பிப் போயிடும். ‘பாடி எர்த்’.

சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டதும் களத்துமேடே கல்யாண வீடு மாதிரி ஜொலிச்சுது. சின்னப் பசங்க கை தட்டினாங்க. பெரியம்மா சுத்திப் போட்டாங்க. நான் செல்ஃபி எடுத்து ஹாஸ்டல் குரூப்ல போட்டேன்.

ரெண்டாம் நாள்: பல்பு வாங்கினேன்!

அடுத்த நாள் ராத்திரி காலி டிரெய்லரை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். நான் ஸ்கூட்டியில பின்னால.

முதல் நூறு மீட்டர் ஓகே. ஒரு பள்ளத்துல டிரெய்லர் குதிச்சுது. மொத்த லைட்டும் அவுட்! அடுத்த பள்ளத்துல திரும்பி வந்துச்சு. பெரியப்பா பிரேக் மிதிச்சா பிரேக் லைட் பிரகாசமா எரியணும் இல்லையா? அதுவும் மங்கலா எரிஞ்சு, ஏற்கெனவே எரிஞ்சுக்கிட்டிருந்த ஆறு மார்க்கரும் கூடவே மங்கிச்சு. வண்டியை நிறுத்தி, லைட் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு பிரேக்கை மட்டும் மிதிக்கச் சொன்னேன். பிரேக் லைட் எரியலை. டெயில் லைட் மினுக் மினுக்னு எரியுது!

பேய் புகுந்துடுச்சுன்னே நெனைச்சேன். பல்பைக் கழட்டி மாட்டினேன். வயரை இழுத்துப் பார்த்தேன். மல்டிமீட்டரை எடுத்து, எரியாத லைட்டோட வயர்ல வெச்சா 12.4 வோல்ட் காட்டுது. வோல்ட் வருது, லைட் எரியலை! ராத்திரி பதினோரு மணிக்கு டிரெய்லருக்கு அடியில மல்லாக்கப் படுத்துக்கிட்டு, மூணு வருஷமா என்னத்தைப் படிச்சோம்னு யோசிச்சேன். எனக்கே பதில் தெரியலை.

பெரியப்பா ஒண்ணுமே சொல்லலை. அதுதான் ரொம்ப வலிச்சுது. பெட்டியிலேர்ந்து அந்தப் பழைய சி.டி-யை எடுத்துத் திரும்பக் கட்டினார்.

மூணாம் நாள்: அண்ணன் எடுத்த கிளாஸ்

டவுன்ல லாரி ஸ்டாண்டு பக்கத்துல ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தர் கடை வெச்சிருக்கார். எட்டாவதோட படிப்பை நிறுத்தினவர். முப்பது வருஷ சர்வீஸ். கையில டெஸ்ட் லேம்ப். அதாவது ஒரு பல்பு, ரெண்டு வயர், ஒரு கிளிப். அவ்வளவுதான் அவரோட லேப்!

கதையை முழுசாக் கேட்டார். சிரிக்கலை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

‘‘ஏம்மா... டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவுல இன்னா இருக்கு?’’

‘‘ஹிட்ச் பின்னு.’’

‘‘பின்னு மேல?’’

‘‘......கிரீஸ்.’’

‘‘அப்புறம் கரன்ட் எப்பிடித் திரும்பி வரும்?’’

பாஸ்... அந்த நிமிஷம் மண்டைக்குள்ள எல்லா லைட்டும் ஒண்ணா எரிஞ்சுது!

கரன்ட்டுக்குப் போக ஒரு வழி, திரும்பி வர ஒரு வழி வேணும்னு ஆறாங்கிளாஸ்லயே படிச்சாச்சு. போற வழிக்கு நாலு புது வயர் போட்டேன். திரும்பி வர்ற வழியை ஒரு துருப்பிடிச்ச, கிரீஸ் தடவின, ஆடிக்கிட்டே இருக்கற இரும்புப் பின்னுகிட்ட விட்டுட்டேன். வண்டி நிக்கும்போது பின்னு வளையத்தை அழுத்திக்கிட்டு இருக்கும், கரன்ட் போகும். பள்ளத்துல குதிச்சா இடைவெளி விழும், எல்லாம் அவுட். லோடு ஏத்தி, மேட்டுல இழுக்கும்போது எந்தப் பக்கம் ஒட்டும், எந்தப் பக்கம் விலகும்னு யாருக்குத் தெரியும்?

பெரியப்பா ஸ்விட்ச் போட்டது நிஜம். அன்னிக்கு ராத்திரி டிரெய்லர் இருட்டா இருந்ததும் நிஜம். ரெண்டுமே நிஜமா இருக்க முடியும்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது.

பேய்க்கு சர்க்யூட் டயகிராம்!

சரி, பிரேக் மிதிச்சா டெயில் லைட் மினுக்கினது எப்படி? அண்ணன் கடை பெஞ்சுல உட்கார்ந்து பேப்பர்ல போட்டுப் பார்த்தேன்.

எர்த் சுத்தமா அறுந்துடுச்சுன்னு வெச்சுக்கோங்க. பிரேக் கரன்ட் 21 வாட் இழைக்குள்ள போகுது. வெளியே வந்தா எர்த் இல்லை. திரும்பி வீட்டுக்குப் போயே ஆகணுமே! அதே பல்புல இன்னொரு இழை இருக்கே, 5 வாட் டெயில் இழை... அதுக்குள்ள ரிவர்ஸ்ல நுழைஞ்சு, டெயில் வயர் வழியா டிராக்டருக்குப் போய், டிராக்டரோட சொந்த பார்க்கிங் லைட் பல்புகள் வழியா எர்த்தைப் பிடிக்குது. மெயின் ரோடு அடைச்சா ஷேர் ஆட்டோ சந்துக்குள்ள நுழையும் பாருங்க, அதே மாதிரி!

வரிசையா ரெண்டு மூணு இழை வழியா போறதால கரன்ட் ரொம்பக் கம்மி. 5 வாட் இழைக்கு ரெசிஸ்டன்ஸ் அதிகம், அதனால வோல்டேஜ்ல பெரிய பங்கு அதுக்குக் கிடைச்சு லேசா மினுக்குது. 21 வாட் இழைக்கு மிச்சம் மீதிதான். அது கண்ணே திறக்கலை. லைட் ஸ்விட்சும் ஆன்ல இருந்தா இந்தச் சந்தும் அடைச்சுடும். ஏன்னா, அந்தப் பக்கமும் 12 வோல்ட். மொத்தமும் இருட்டு.

எரியாத லைட்ல மீட்டர் 12.4 வோல்ட் காட்டினதும் இப்ப புரியுது. மீட்டரோட கறுப்பு முனையை டிராக்டர் பேட்டரியில வெச்சிருந்தேன். போற வழி நல்லா இருக்குன்னு அது சொல்லிச்சு. திரும்பி வர்ற வழியைப் பத்தி நான் அதுகிட்ட கேட்கவே இல்லை!

எர்த் அரைகுறையா ஒட்டிக்கிட்டு இருந்தா? அங்கதான் நான் மகா கோட்டை விட்டேன். முதல் நாளே டிரெய்லர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல ஓம் மீட்டர் வெச்சுப் பார்த்திருந்தேன். 2 ஓம். ரெண்டே ரெண்டு ஓம்! ‘சும்மா ஜுஜுபி’ன்னு விட்டுட்டேன். இப்ப கணக்கைப் பாருங்க...

21 வாட் பிரேக் பல்பு ரெண்டு. ஒவ்வொண்ணும் எரியும்போது சுமார் 7 ஓம். ரெண்டும் பேரலல்ல இருக்கறதால சுமார் 3.5 ஓம். அதோட சீரிஸ்ல நம்ம ‘ஜுஜுபி’ 2 ஓம். 12.4 வோல்ட்ல கிட்டத்தட்ட நாலரை வோல்ட்டை அந்தப் பின்னே தின்னுடும்! பல்புக்கு மிஞ்சறது எட்டு வோல்ட்டுக்கும் கீழே. ஃபிலமென்ட் பல்புல வோல்டேஜ் கொஞ்சம் குறைஞ்சா வெளிச்சம் ரொம்பக் குறையும். மூணுல ரெண்டு பங்கு வோல்ட் கொடுத்தா வர்ற வெளிச்சம் ஏறக்குறைய கால்வாசிதான். அதே எர்த்தை நம்பியிருக்கற மார்க்கர் லைட்டும் சேர்ந்து மங்கிடும்.

அப்போ முதல் நாள் மட்டும் எப்படி ஜொலிச்சுது? அன்னிக்கு எரிஞ்சது எல்.இ.டி-யும் டெயில் லைட்டும் மட்டும்தான். அதுங்களுக்குக் கரன்ட் கம்மி. கம்மி கரன்ட்டுக்கு 2 ஓம் தெரியாது. லோடு ஏத்தினாத்தான் கெட்ட எர்த் முகத்தைக் காட்டும். நான் பிரேக்கை மிதிச்சே பார்க்கலை. களத்துமேட்டுல கைதட்டு வாங்கினதோட சரி!

அண்ணன் இத்தனை கணக்கும் போடலை. ‘‘போற வழி ஆளுக்கு ஒண்ணு. வர்ற வழி எல்லாத்துக்கும் ஒண்ணு. அதான் எர்த் வயரு எப்பவும் தடியா இருக்கணும்’’னார். ஹாஸ்டல்ல காலையில கிளாஸுக்கு ஆளாளுக்கு ஒரு நேரத்துல கிளம்பறோம்... மதியம் மெஸ்ஸுக்கு எல்லாரும் ஒரே வாசல்ல முட்டறோமே, அந்த வாசல்தான் எர்த்!

நாலாம் நாள்: அஞ்சாவது வயர்

அண்ணன் சொல்லச் சொல்ல, நான் செஞ்சேன். அவர் ஸ்பேனரைக் கூடத் தொடலை. ‘‘நீதான மாட்டறேன்னு சொன்ன?’’

முதல் வேலை, அஞ்சாவது வயர். டிராக்டர் பேட்டரியோட நெகட்டிவ்லேர்ந்து பிளக் வழியா டிரெய்லரோட கடைசி வரைக்கும் தனி எர்த். மத்த வயர் எல்லாம் 1.5 சதுர மில்லிமீட்டர் காப்பர். இது மட்டும் 2.5. டிராக்டருக்குப் பின்னால வர்ற ஏழு பின் ரவுண்டு சாக்கெட்டுல எர்த்துக்குன்னே ஒரு பின் இருக்கு, மூணாம் நம்பர். ஐ.எஸ்.ஓ. கணக்குப்படி அதோட கலர் வெள்ளை. எங்க பழைய பிளக்கைத் திறந்து பார்த்தா, அந்தப் பின்னு மட்டும் காலி! இத்தனை வருஷமா யாரும் அதுல வயர் மாட்டவே இல்லை.

ரெண்டாவது, பெயின்ட். நான் ஸ்க்ரூ போட்ட இடத்துல மூணு கோட் பெயின்ட், அதுக்குக் கீழே துரு. ரெண்டுமே கரன்ட்டுக்குத் தடுப்புச் சுவர். இரும்பு பளபளன்னு தெரியற வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். வயர் முனையில வளையம் மாதிரி திம்பிள் வெச்சு நல்லா அழுத்தி, ஸ்டார் வாஷர் போட்டு, போல்ட்டும் நட்டும் முறுக்கினேன். ஸ்டார் வாஷரோட பல்லு இரும்பைக் கடிச்சுப் பிடிச்சுக்கும். மேல கொஞ்சம் வாசலின். தண்ணி இறங்காது, துரு வராது. முறுக்கினதுக்கு அப்புறம்தான் பெயின்ட் அடிக்கணும். முன்னாடி அடிச்சா மறுபடியும் அதே கதை!

மூணாவது, ஒவ்வொரு மார்க்கர் லைட்டுக்கும் தனி எர்த் வயர். நான் வாங்கின எல்.இ.டி. லைட்டோட அடிப்பாகம் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கை ஸ்க்ரூ போட்டு இரும்புல முறுக்கினா கரன்ட் போயிடுமா என்ன? அதுல ரெண்டு வயர் வரும். கறுப்பு எர்த்துக்கு, இன்னொண்ணு டெயில் லைனுக்கு. எல்.இ.டி-க்கு நெகட்டிவ், பாசிட்டிவ் மாறினா எரியாது. ‘பீஸ் போச்சு’ன்னு தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை மாத்திப் பாருங்க.

நாலாவது, ஜாயின்ட். நான் வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தியிருந்தேன். ‘‘ஒரு மழைக்குத் தாங்காது’’ன்னு சொல்லி எல்லாத்தையும் பிரிக்க வெச்சார். சால்டர் பண்ணி, மேல ஸ்லீவ் போட்டு சூடு காட்டி இறுக்கினோம். தகட்டுல ஓட்டை வழியா வயர் போற இடத்துல எல்லாம் ரப்பர் புஷ். இல்லேன்னா குலுங்கிக் குலுங்கித் தகடு வயரை அறுத்துடும். அப்புறம் ஷார்ட். அதனால பேட்டரி பக்கம் ஃபியூஸ் இல்லாம எந்த வயரையும் பின்னால அனுப்பக் கூடாது.

அஞ்சாவதுதான் அண்ணனோட மாஸ்டர்பீஸ். ‘‘கரும்பு ஏத்தினா இந்த லைட் தெரியுமா?’’ன்னு கேட்டார். தெரியாது! கரும்புத் தோகை டிரெய்லருக்கு வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும். எவ்வளவு நல்லா எரிஞ்சாலும் லைட் தோகைக்குள்ள முங்கிடும். அதனால ஒரு நீளமான இரும்புப் பட்டையில ரெண்டு டெயில் லைட், ரெண்டு இண்டிகேட்டர், சிவப்பு ரிஃப்ளெக்டர் எல்லாத்தையும் மாட்டி, ரெண்டு கொக்கி வெச்சு, அஞ்சு கோர் கேபிள்ல இணைச்சோம். லோடு ஏத்தி முடிச்சதும் கரும்புக் கட்டுக்குப் போடற கடைசிச் சங்கிலியில அந்தப் பட்டையைத் தொங்க விட வேண்டியதுதான். காலியா வரும்போது கழட்டி டிரெய்லரோட பின் கதவுல மாட்டிக்கலாம்.

எல்லாம் முடிச்சு, அத்தனை லைட்டையும் எரிய விட்டு, பெரியப்பாவைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, மல்டிமீட்டரை வோல்ட்ல வெச்சேன். ஒரு முனை கடைசி லைட்டோட எர்த்துல, இன்னொரு முனை பேட்டரி நெகட்டிவ்ல. முன்னாடி நாலரை வோல்ட் விழுந்த இடம். இப்போ 0.3!

எர்த் டெஸ்ட்டுக்கு என் மார்க் ஷீட் இதான்: எல்லா லோடும் இருக்கும்போது 0.5 வோல்ட்டுக்குக் கீழே வந்தா பாஸ். 0.2 வந்தா டிஸ்டிங்ஷன். ஒரு வோல்ட்டுக்கு மேலேன்னா... அரியர்!

அமெரிக்காவுலயும் இதே கதைதான்!

இந்தத் தலைவலி நம்ம ஊருக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. அமெரிக்காவுல காருக்குப் பின்னால சின்ன வீட்டையே கட்டி இழுத்துக்கிட்டு டூர் போவாங்களே, ‘டிராவல் டிரெய்லர்’... அதுலயும் பழைய வண்டி வாங்கறவங்க முதல்ல மல்லுக்கட்டறது மார்க்கர் லைட்டோட எர்த்கிட்டதான்.

அங்க ‘ஃபெடரல் மோட்டார் வெஹிகிள் சேஃப்டி ஸ்டாண்டர்ட் 108’னு ஒரு விதி 1968-லேர்ந்து இருக்கு. இப்ப அந்த விதிப்படி 80 அங்குலம், அதாவது 2,032 மில்லிமீட்டர் அகலமோ அதுக்கு மேலயோ இருக்கற டிரெய்லர்னா, பின்பக்க உச்சியில ரெண்டு ஓரத்துலயும் சிவப்பு லைட், நடுவுல வரிசையா மூணு சிவப்பு லைட். பக்கவாட்டுல முன்பக்கம் மஞ்சள், பின்பக்கம் சிவப்பு. தூரத்துலேர்ந்தே ‘பெரிய வண்டி போகுது’ன்னு தெரிஞ்சுடும்.

பழைய டிராவல் டிரெய்லர் பலதுல லைட்டுக்குத் தனி எர்த் வயர் கிடையாது. லைட்டோட உலோக அடிப்பாகம், ஸ்க்ரூ வழியா வண்டியோட அலுமினியத் தகட்டைத் தொடும். தகடே எர்த். அலுமினியம், இரும்பு ஸ்க்ரூ, மழைத் தண்ணி மூணும் சேர்ந்தா கெமிஸ்ட்ரி லேப்தான். அலுமினியம் அரிச்சு வெள்ளையா பூத்துடும். அந்த ஆக்ஸைடு கரன்ட்டைக் கடத்தாது. உடைஞ்ச லைட்டைக் கழட்டிட்டுப் புது பிளாஸ்டிக் லைட் மாட்டினா, என்னை மாதிரியே ‘வோல்ட் வருது, லைட் எரியலை’ன்னு முழிக்க வேண்டியதுதான். அங்கயும் வைத்தியம் ஒண்ணே ஒண்ணு. தகட்டை நம்பாம, ஒவ்வொரு லைட்லேர்ந்தும் ஒரு எர்த் வயரை அடிச் சேஸிஸ் வரைக்கும் இழு. அங்கயும் எர்த் வயரோட கலர் வெள்ளைதான்!

ஏரிக்கரை வளைவு

கிளம்பறதுக்கு முதல் நாள் ராத்திரி. லோடு ஏத்தின டிரெய்லர். பெரியப்பா ஓட்டறார், நான் ஸ்கூட்டியில பின்னால. அதே ரோடு.

நடுவுல ஒரு கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்துல பைக் ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகுது. எதிர்ல ஏதோ இருக்குன்னு கண்ணு பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை செகண்ட். அதுக்குள்ள 25 மீட்டர் காலி. அப்புறம் வண்டி நிக்க இன்னொரு 28 மீட்டராவது வேணும். மொத்தம் 50 மீட்டருக்கு மேல. லைட் இல்லாத கரும்பு டிரெய்லர் லோ பீம் வெளிச்சத்துல எவ்வளவு தூரத்துல தெரிஞ்சுதுன்னு நான் ரெண்டாம் நாளே அளந்து வெச்சிருந்தேன். முப்பது, முப்பத்தஞ்சு மீட்டர்! அந்தப் பையன் வேகமா வந்தான், பராக்குப் பார்த்தான்னு ஊர்ல ஆளுக்கொண்ணு சொன்னாங்க. கணக்கு அப்படிச் சொல்லலை. 60-ல வந்திருந்தாலே அவனுக்குச் சான்ஸ் இல்லை.

வண்டியோட பின் சிவப்பு லைட் 155 மீட்டர் தூரத்துலேர்ந்து தெரியணும்னு நம்ம மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 சொல்லுது. நான் வேணும்னே ரொம்பப் பின்தங்கி, கோயில் பக்கத்துல வண்டியை நிறுத்தினேன். பெரியப்பா வளைவைத் தாண்டி மேட்டுல ஏறிக்கிட்டிருந்தார். நானூறு மீட்டராவது இருக்கும். இருட்டுல ரெண்டு சிவப்புப் புள்ளி. வளைவுல திரும்பினப்ப மஞ்சளா மூணு புள்ளி வரிசையா. பிரேக் மிதிச்சப்ப சிவப்பு பளீர்னு ஏறி, மஞ்சள் கொஞ்சங்கூட மங்காம நின்னுச்சு.

அந்த இடத்துல டிராக்டர் நின்னுச்சு. என்னாச்சோன்னு பதறிப் போய்ப் பார்த்தா... பெரியப்பா இறங்கி, டிரெய்லரைச் சுத்திப் பின்னால வந்து, லைட்டையே பார்த்துக்கிட்டு நிக்கறார்.

‘‘என்ன பெரியப்பா?’’

‘‘ஒண்ணுமில்ல பாப்பா. எரியுதான்னு பார்த்தேன்.’’

இப்பவும் ஒவ்வொரு லோடுக்கும் ரெண்டு இடத்துல இறங்கி அப்படித்தான் பார்க்கறாராம். பெரியம்மா போன்ல சொன்னாங்க.

பத்து நிமிஷ செக்கப்!

உங்க ஊர்லயும் ஒரு டிரெய்லர் நிக்கும். மாட்டுக் கொட்டகை பக்கத்துல, செங்கல் சூளை வாசல்ல, கட்டடம் கட்டற இடத்துல. அடுத்த லீவுக்குப் போகும்போது...

* டிராக்டரோட மாட்டிட்டு, லைட், இண்டிகேட்டர், பிரேக் மூணையும் ஒரே நேரத்துல போட்டுப் பாருங்க. தனித்தனியா எரிஞ்சு, சேர்த்துப் போட்டா மங்கினா எர்த் கோளாறு.

* எரியாத லைட்டோட எர்த்லேர்ந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தனியா ஒரு வயரைப் பிடிங்க. உடனே எரிஞ்சா பல்பு நல்லாத்தான் இருக்கு. திரும்பி வர்ற வழிதான் அவுட்.

* பிளக்கைத் திறந்து எர்த் பின்ல வயர் இருக்கான்னு பாருங்க. ஹிட்ச் பின்னை நம்பாதீங்க.

* ஓம் மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. லோடு கொடுத்து வோல்ட் பாருங்க.

* கடைசியா, கரன்ட்டே வேண்டாத ஐட்டம்... ரிஃப்ளெக்டர். முன்னால வெள்ளை, பக்கத்துல மஞ்சள், பின்னால சிவப்பு. வயர் அறுந்தாலும் அது வேலை செய்யும்.

கிளம்பற அன்னிக்கு பெரியப்பாவோட அந்தப் பையனைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டில்ல உட்கார்ந்து அடுத்த செமஸ்டருக்குப் படிச்சுக்கிட்டிருந்தான். அவனும் எலெக்ட்ரிகல்தானாம்! நான் பேப்பர்ல சர்க்யூட் போட்டு, பிரேக் கரன்ட் டெயில் இழைக்குள்ள ரிவர்ஸ்ல போன கதையைச் சொன்னேன். பேப்பரை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான்.

அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

‘‘இப்ப எரியுதாக்கா?’’

‘‘எரியுதுடா.’’